ஐயூ: கொரிய டிராமா பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

வீட்டில் யாராவது புதிதாகக் கொரிய டிராமா பார்க்கத் தொடங்கினால், கொஞ்ச நாளில் ஐயூ பற்றிய ஒரு கேள்வி என் போனுக்கு வந்துவிடும். சித்தி மகள் கேட்டதை அலுவலகத்தில் இன்னொருவர் கேட்பார், அடுத்த மாதம் அதையே வேறொருவர். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கதைகளின் நடுப்பகுதியைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது, முடிவுகளைச் சொல்லவில்லை.

ஐயூன்னா யாரு? நடிகையா, பாடகியா?

தென் கொரியாவில் கேட்டால் தயங்காமல் பாடகி என்பார்கள். 2008-ல் பாடகியாகத்தான் வந்தார். 2010-க்குப் பிறகு அங்கே பாட்டுத் தரவரிசையைப் பலமுறை பிடித்து ஆட்டிய தனிப்பாடகி அவர். குழுக்கள் ஆளும் துறையில் தனியாளாக இத்தனை வருடம் மேலே நிற்பது சாதாரண விஷயமில்லை.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். நாம் முதலில் நாடகத்தைப் பார்க்கிறோம், "இவங்க பாடுவாங்களாமே" என்று அப்புறம்தான் தெரிய வருகிறது. இரண்டும் சரிதான். ஆனால் அவரைப் புரிந்துகொள்ள இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று கீழே போகப் போகத் தெரியும்.

உண்மையான பேரு என்ன? சில நாடகத்துல வேற பேரு போடுதே?

லீ ஜி-உன். 1993 மே 16 அன்று சோலில் பிறந்தவர். ஐயூ என்பது பாட்டுக்காக வைத்த பெயர். நானும் நீயும் இசையால் ஒன்றாகிறோம் என்ற பொருளில் ஆங்கிலத்தின் "ஐ", "யூ" இரண்டையும் ஒட்டியது. நடிப்பில் பல வருடம் சொந்தப் பெயரைத்தான் போட்டுக்கொண்டார். பின்னால் எல்லாவற்றுக்கும் ஐயூ என்றே ஆகிவிட்டது. அதனால் பழைய நாடகத்தில் ஒரு பெயரும் புதியதில் ஒரு பெயரும் வந்தால் குழம்ப வேண்டாம், ஒரே ஆள்தான்.

சின்ன வயசுல ரொம்ப கஷ்டப்பட்டாங்கன்னு சொல்றது நிஜமா, கம்பெனி கட்டிவிட்ட கதையா?

நிஜம்தான், அவரே தொலைக்காட்சிப் பேட்டிகளில் சொன்னது. உறவினர் ஒருவருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தால் குடும்பம் கடனில் விழுந்தது. பெற்றோரைப் பிரிந்து பாட்டி, தம்பியோடு ஒற்றை அறையில் இருந்திருக்கிறார். குளிரும் கரப்பான்பூச்சியும் அந்தப் பேட்டிகளில் தவறாமல் வரும். ஜாமீன் கையெழுத்து என்றதும் நம் வீடுகளில் ஒரு பெருமூச்சு வருமே, அங்கேயும் அதே கதைதான்.

பாட வாய்ப்பு தேடிச் சுமார் 20 ஆடிஷன்களில் தோற்றார். அதில் பாடகர்களை உருவாக்கும் ஜேஒய்பி நிறுவனத்தின் ஆடிஷனும் ஒன்று. வாய்ப்பு தருவதாகச் சொல்லிப் பணம் பறித்த போலி ஏஜென்சிகளிடமும் ஏமாந்திருக்கிறார். கடைசியில் லோயன் நிறுவனம் 2007-ல் எடுத்துக்கொண்டது. பத்து மாதப் பயிற்சியிலேயே மேடைக்கு அனுப்பிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜேஒய்பியின் நிறுவனர் பார்க் ஜின்-யங் தயாரிப்பில் பங்கெடுத்து, ஆசிரியராகவும் நடித்த "ட்ரீம் ஹை" நாடகத்தில்தான் ஐயூவின் நடிப்பு 2011-ல் தொடங்கியது.

முதல் பாட்டே ஹிட்டா?

இல்லை. 2008 செப்டம்பரில் வந்த "மியா" சோகமான, கனமான பாட்டு. பாடியவருக்கு வயது 15. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. முதல் மேடையிலேயே கூட்டத்திலிருந்து கேலி கேட்டதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அடுத்து "பூ", "மார்ஷ்மெலோ" என்று குட்டிப்பெண் வேடத்துக்கு மாற்றினார்கள். ஓரளவு பெயர் வந்தது. 2010-ல் 2ஏஎம் குழுவின் லிம் சுல்-ஓங்குடன் பாடிய "நேகிங்" நன்றாக ஓடியது. அதே டிசம்பரில் வந்த "குட் டே" தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

"மூணு படி உச்சஸ்தாயி"ன்னு சொல்றாங்களே, அது என்ன வித்தை?

"குட் டே" பாட்டின் முடிவில் ஒரே மூச்சில் ஒரு உயர்ந்த ஸ்வரத்தைப் பிடித்து, அங்கிருந்து அரை ஸ்வரம் ஏறி, மறுபடி அரை ஸ்வரம் ஏறி நிற்பார். கர்நாடக இசை கற்றவர்களுக்குச் சொல்வதென்றால், ஸியை ஷட்ஜமமாக வைத்தால் அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம். மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள். தாவுவது சுலபம், பக்கத்தில் பக்கத்தில் வழுக்காமல் ஏறி ஒவ்வொன்றிலும் நிற்பதுதான் கஷ்டம்.

இந்த மூன்று படி அங்கே ஒரு தேசிய விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. பிரபலங்கள், பள்ளிப் பிள்ளைகள், எல்லோரும் முயன்றார்கள். அவருக்கு அது வரமும் சுமையும். எந்த மேடைக்குப் போனாலும் கூட்டம் அந்த ஒரு இடத்துக்காகக் காத்திருக்கும். 2022-ல் அவர் எடுத்த முடிவு கீழே காது பற்றிய கேள்வியில் வருகிறது.

நாடகம் பார்க்கணும்னா எதுல ஆரம்பிக்கறது?

உங்கள் மனநிலையைப் பொறுத்தது. பேய், நகைச்சுவை, பளபளப்பு வேண்டுமென்றால் "ஹோட்டல் டெல் லூனா" (2019). அழத் தயார் என்றால் "வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்" (2025). அரசர் காலத்துக் காதல் பிடிக்குமென்றால் "மூன் லவ்வர்ஸ்" (2016). தொலைக்காட்சி நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க "தி ப்ரொட்யூசர்ஸ்" (2015). அதில் சிண்டி என்ற, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பாடகியாக வருவார், குறும்பாக இருக்கும்.

"மை மிஸ்டர்" (2018) தான் சிறந்தது. ஆனாலும் அதை முதலில் பார்க்கச் சொல்ல மாட்டேன். மெதுவாகப் போகும், முதல் சில அத்தியாயங்கள் இருட்டாக இருக்கும். பாதியில் விட்டவர்கள் நிறைய. 2013-ல் கேபிஎஸ் சேனலில் வந்த 50 அத்தியாய வார இறுதி நாடகம், "யூ ஆர் தி பெஸ்ட், லீ சூன்-ஷின்", அவருக்கு முதல் நாயகி வேடம். நம் ஊர் மெகா சீரியல் பொறுமை இருந்தால் பாருங்கள். எனக்கு இல்லை.

"மூன் லவ்வர்ஸ்"ல நடிப்பு சரியில்லைன்னு அங்கேயே திட்டினாங்களாமே?

திட்டினார்கள். சீன நாவல் ஒன்றை கொரியாவின் பழைய கொரியோ அரச காலத்துக்கு மாற்றிய கதை. இன்றைய பெண் ஒருத்தி அந்தக் காலத்து ஹே சூவின் உடம்பில் விழித்தெழுகிறாள். முன்பாதியில் அவர் முகபாவங்கள் கொஞ்சம் மிகைதான், மறைக்க ஒன்றுமில்லை. பின்பாதியில் அந்தப் பெண் அரண்மனையில் நொறுங்கத் தொடங்கியதும் நடிப்பு வேறு தளத்துக்குப் போய்விடும். நாயகன் லீ ஜூன்-கியுடன் வரும் காட்சிகளுக்காகவே அதை இன்னும் திரும்பிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கொரியாவில் பார்வையாளர் எண்ணிக்கையும் குறைவு, பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம். அதே நேரத்தில் எதிர் சேனலில் ஓடி 20 சதவீதத்தைத் தாண்டிய நாடகத்தின் நாயகன் பார்க் போ-கம். ஒன்பது வருடம் கழித்து "டேஞ்சரின்ஸ்"ஸில் ஐயூவுக்கு ஜோடியாக வந்தவரும் அவரேதான். வெளிநாடுகளில் "மூன் லவ்வர்ஸ்" பிரமாதமாகப் பரவியது. நம்மில் பலருக்கும் அதுதான் அறிமுகம்.

"மை மிஸ்டர்" தப்பான கதையா? நடுவயசு ஆளு, சின்னப் பொண்ணு, குடும்பத்தோட பார்க்கலாமா?

இந்தச் சந்தேகம் நாடகம் தொடங்கியபோது கொரியாவிலும் எழுந்தது. நாற்பதைத் தாண்டிய கட்டடப் பொறியாளர் ஒருவர், 21 வயதுத் தற்காலிக ஊழியர் ஒருத்தி என்றதும் எல்லோரும் ஒரே திசையில் நினைத்தார்கள். முதல் அத்தியாயங்களில் கடன்காரன் அவளை அடிக்கும் காட்சிக்கும் எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பார்க்கச் சங்கடமான காட்சி அது.

ஆனால் கதை காதல் கதை இல்லை. ஜி-ஆன் என்ற அந்தப் பெண், காது கேளாத பாட்டியைப் பார்த்துக்கொண்டு, வாரிசாக வந்த கடனை அடைத்துக்கொண்டு, அலுவலகத்து காபிப் பொடிப் பாக்கெட்டைத் திருடிக் குடித்துப் பசியாறுகிறாள். பணத்துக்காக அந்தப் பொறியாளரின் போனை ஒட்டுக்கேட்கிறாள். ஒட்டுக்கேட்கும்போது அவள் காதில் விழுவது ஒரு மனிதனின் பெருமூச்சும் நடைச்சத்தமும். தன்னைப் போலவே களைத்த ஒருவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிய வருவதுதான் நாடகம். ஐயூ இதில் பேசுவதே குறைவு. தோளைக் குறுக்கி, வேகமாக நடந்து, கண்ணை நேராகப் பார்க்காமல் எல்லாவற்றையும் செய்கிறார். பாட்டியைக் கடைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து நிலா பார்க்கத் தள்ளிக்கொண்டு போகும் காட்சி ஒன்று போதும். அவர் சின்ன வயதைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் கனக்கும். ஆனால் அதனால்தான் நன்றாக நடித்தார் என்று சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. கஷ்டப்பட்ட எல்லோருக்கும் நடிக்க வந்துவிடுவதில்லை.

கடைசி அத்தியாயம் 7 சதவீதத்தைத் தாண்டியது. கொரியாவின் பெரிய நாடக, சினிமா விருதான பேக்சாங்கில் 2019-ல் சிறந்த நாடகம், சிறந்த திரைக்கதை இரண்டும் கிடைத்தன. ப்ரேசில் எழுத்தாளர் பாவ்லோ கொய்லோ ட்விட்டரில் பாராட்டினார். பொறியாளராக நடித்த லீ சுன்-க்யுன் 2023 டிசம்பரில் இறந்துவிட்டார் என்பது தெரிந்து பார்க்கிறவர்களுக்கு இப்போது கூடுதல் பாரம். பதின்வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம், சிறு குழந்தைகளோடு வேண்டாம்.

அதுல வர்ற பாட்டெல்லாம் இவங்க பாடினதா?

இல்லை. "மை மிஸ்டர்" பார்த்தவர்கள் முணுமுணுக்கும் "அடல்ட்" பாட்டைப் பாடியவர் சோண்டியா. "ட்ரீம் ஹை"யில் "சம்டே" பாடியது ஐயூதான், அதில் அவர் வேடமே பாடும் மாணவி. "க்ராஷ் லேண்டிங் ஆன் யூ"வில் அவர் நடிக்கவில்லை, ஆனால் "கிவ் யூ மை ஹார்ட்" அவர் குரல்.

பாட்டை அவங்களே எழுதறாங்களா?

வரிகள் பெரும்பாலும் அவருடையவை. தொடக்கத்தில் மற்றவர்கள் எழுதியதைப் பாடினார். "குட் டே"க்கு இசை லீ மின்-சூ, வரிகள் கிம் ஈ-னா. 2015-ல் வந்த "சாட்-ஷயர்" தொகுப்பைத் தானே தயாரித்த பிறகு நிலைமை மாறியது. "பேலட்" (2017) பாட்டுக்கு மெட்டும் அவருடையது. "த்ரூ தி நைட்" மெட்டு வேறு இருவருடையது, வரிகள் ஐயூ. தூக்கம் வராதவர் ஒருவர், அன்புக்குரியவருக்காவது நல்ல தூக்கம் வரட்டும் என்று மின்மினி வெளிச்சத்தை ஜன்னலுக்கு அனுப்புகிற பாட்டு அது. கூச்சல் இல்லை, உச்சஸ்தாயி இல்லை. 2018 ஜனவரியில் கோல்டன் டிஸ்க் இசை விருது விழாவில் டிஜிட்டல் பிரிவின் பெரிய விருது இதற்குத்தான்.

"மூணு படி" பெண் இந்தப் பாட்டுக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட ஏழு வருடம்தான் என்னைப் பொறுத்தவரை அவர் கதையின் மையம். நடிப்பிலும் இதே பயணம். "மூன் லவ்வர்ஸ்" முன்பாதியில் கண்ணை உருட்டியவர், இரண்டே வருடத்தில் ஜி-ஆனாக ஒன்றும் செய்யாமல் நின்று நம்மைப் பார்க்கவைத்தார். குறைவாகச் செய்யக் கற்றது முதலில் பாட்டில், பிறகு நாடகத்தில் என்பது என் கணிப்பு.

அக்கா, "பேலட்" வந்தப்ப அவங்களுக்கு 23 தானே? பாட்டுல 25ன்னு பாடறாங்களே?

கொரியப் பழைய கணக்கு. பிறந்ததும் ஒரு வயது. அதன்பின் ஒவ்வொரு ஜனவரி 1-க்கும் ஒரு வயது கூடும். 1993-ல் பிறந்தவருக்கு 2017-ல் 25. சட்டப்படி பெரும்பாலானவற்றுக்கு உலக வழக்கக் கணக்கு என்று 2023 ஜூனில்தான் மாற்றினார்கள்.

இந்தக் கணக்கு தெரிந்தால் அவர் பாட்டுகளை ஒரு நாட்குறிப்பு போலப் படிக்கலாம். 2015-ல் "ட்வென்ட்டி த்ரீ", நான் யாரென்று எனக்கே தெரியவில்லை என்று அடம்பிடிக்கும் பாட்டு. 2017-ல் "பேலட்", இப்போது என்னைக் கொஞ்சம் தெரிகிறது. 2020-ல் பிடிஎஸ் குழுவின் சூகாவோடு "எய்ட்", இருவருக்கும் அப்போது 28. 2021-ல் "லைலாக்", இருபதுகளுக்கு விடை.

"ஸேஸே" பாட்டு சர்ச்சை என்ன? பெரிய தப்பு பண்ணிட்டாங்களா?

2015 தொகுப்பில் இருந்த பாட்டு அது. ப்ரேசில் எழுத்தாளர் ஜோசே மௌரோ டி வாஸ்கான்சேலோஸின் "மை ஸ்வீட் ஆரஞ்ச் ட்ரீ" நாவலில் வரும் ஐந்து வயதுப் பையனை வைத்து எழுதியது. அந்தப் பையன் வீட்டில் அடிவாங்கும் குழந்தை. பாட்டும் அட்டைப்படமும் அவனைக் கவர்ச்சியாகக் காட்டுவதாக நாவலின் கொரியப் பதிப்பகம் கண்டனம் தெரிவித்தது. குழந்தையை அப்படிச் சித்தரிக்கும் எண்ணம் இல்லை, ஆனால் தன் வரிகள் மனதைப் புண்படுத்தும்படி இருந்ததை ஒப்புக்கொள்கிறேன் என்று ஐயூ மன்னிப்புக் கேட்டார். படைப்பை வேறுவிதமாக வாசிக்கும் உரிமையை மறுத்துவிட்டோமே என்று பதிப்பகமும் பின்னர் வருத்தம் தெரிவித்தது.

என் கருத்து: எழுதியவரின் எண்ணம் கெட்டதில்லை, ஆனால் கவனக்குறைவு உண்டு. 22 வயதில் தானே தயாரித்த முதல் தொகுப்பில் நடந்தது. 2024-ல் "லவ் வின்ஸ்" என்று பாட்டை அறிவித்தபோது, அது தன்பாலினத்தவரின் போராட்ட முழக்கம், அதை எடுத்துக்கொள்ளலாமா என்று எதிர்ப்பு எழுந்தது. இந்தமுறை வெளியீட்டுக்கு முன்பே "லவ் வின்ஸ் ஆல்" என்று தலைப்பை மாற்றிவிட்டார்.

காது கேக்காம போயிடுச்சா?

இல்லை, அப்படி ஒரு வதந்தி சுற்றுகிறது. 2022 செப்டம்பரில் சோல் ஒலிம்பிக் மைதானத்தில் இரண்டு நாள் கச்சேரி செய்தார். அங்கே தனிக் கச்சேரி நடத்திய முதல் கொரியப் பாடகி. அதன் முடிவில், காதைக் கட்டுப்படுத்துவது சில காலமாகச் சிரமமாக இருக்கிறது என்று சொன்னார். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் மூட வேண்டிய நேரத்தில் திறந்தே இருக்கும் கோளாறு அது. தன் குரலும் மூச்சும் தலைக்குள் முழங்கும். பாடுகிறவருக்கு எவ்வளவு இம்சை என்று யோசியுங்கள்.

அதே மேடையில்தான் "குட் டே"யையும் "பேலட்"டையும் இனி வழக்கமான கச்சேரிப் பட்டியலில் வைக்கமாட்டேன் என்றார். "பேலட்" 25 வயதுக்காரியின் பாட்டு, தனக்கோ 30 ஆகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம் (எந்தக் கணக்கில் என்று மேலே பார்த்தோம்). பாடுவதை நிறுத்தவில்லை. 2024-ல் உலகச் சுற்றுப்பயணம் போய், செப்டம்பரில் சோல் உலகக் கோப்பை மைதானத்தையும் இரண்டு நாள் நிரப்பினார்.

கல்யாணம் ஆயிடுச்சா? காலேஜ் படிச்சாங்களா?

நடிகர் லீ ஜோங்-சுக்குடன் பழகுவது 2022 டிசம்பர் 31 அன்று வெளியானது; இருவர் தரப்பும் உறுதிசெய்தார்கள், ரசிகர்களுக்கு அவரே கடிதம் எழுதினார். கல்லூரிக்குப் போகவில்லை. வகுப்புக்குப் போக நேரமில்லாமல் பிரபலம் என்ற சலுகையில் இடம் வாங்குவது சரியில்லை என்று பள்ளியோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த கேள்வி.

"டேஞ்சரின்ஸ்"ல அம்மா, பொண்ணு ரெண்டும் அவங்கதானா? வயசான அம்மா வேற ஆள் மாதிரி இருக்கே?

ஜெஜு தீவில் 1950-களில் பிறந்த ஏ-சுன்னின் இளமைப் பருவம் ஐயூ. நடுவயதிலிருந்து அதே ஏ-சுன் மூன் சோ-ரி. ஏ-சுன்னின் மகள் கும்-மியோங் வளர்ந்ததும் மறுபடி ஐயூ. ஆக ஒரே காட்சியில் மகளாக ஐயூவும் தாயாக மூன் சோ-ரியும் சண்டை போடுவார்கள். முதலில் தலை சுற்றும், பிறகு இதன் அழகு பிடிபடும்: இளம் வயது அம்மாவின் முகம்தான் மகளுக்கு.

ஏ-சுன்னின் தாய், மூச்சடக்கிக் கடலில் முங்கிச் சிப்பி எடுக்கும் ஹேன்யோ. மகளுக்குக் கவிஞராக ஆசை, ஆனால் கையில் வந்தது குடும்பம். கும்-மியோங்கைப் படிக்கவைக்க வீடு என்ன கொடுத்தது என்பதும், அந்த மகள் அம்மாவிடம் எரிந்து விழுவதும் எந்தத் தமிழ் வீட்டிலும் நடக்கக்கூடியவை. இயக்குநர் கிம் வான்-சோக், "மை மிஸ்டர்" எடுத்தவரேதான். நெட்ஃப்ளிக்ஸில் 2025 மார்ச்சில் வாரத்துக்கு நான்கு அத்தியாயமாக 16 வந்தன.

அதுக்கு விருது கிடைச்சுதா?

2025 பேக்சாங்கில் சிறந்த நாடகம் உட்பட நான்கு விருதுகள். ஏ-சுன்னின் தாயாக வந்த யோம் ஹே-ரானுக்குச் சிறந்த துணை நடிகை விருது. ஐயூ சிறந்த நடிகைப் பட்டியலில் இருந்தார். விருது கிம் டே-ரிக்குப் போனது. சினிமாவில் ஐயூவுக்குப் பெரிய மேடை "ப்ரோக்கர்" (2022). ஜப்பானிய இயக்குநர் கொரே-எடா "மை மிஸ்டர்" பார்த்துவிட்டு அவரை அழைத்தார். கான் விழாவில் அந்தப் படத்துக்காகச் சாங் காங்-ஹோ சிறந்த நடிகர் ஆனார்.

எப்பப் பார்த்தாலும் அழற, ஏழைப் பொண்ணு வேஷம்தானே?

இதைக் கேட்டவர் "ஹோட்டல் டெல் லூனா" பார்க்கவில்லை. இறந்தவர்கள் தங்கும் ஓட்டலின் முதலாளி ஜாங் மான்-வோல். ஆயிரத்து முந்நூறு வருடமாக அங்கேயே கட்டுண்டவள். நகை, கார், ஷாம்பெய்ன் என்று செலவு செய்வாள், எல்லோரையும் அதட்டுவாள், யாருக்கும் நல்லவளாக இருக்க முயல மாட்டாள். அந்த உடைகளை அணிந்து அந்தத் திமிரோடு நடக்கிறவர்தான் முந்தைய வருடம் ஜி-ஆனாகக் குனிந்து நடந்தார் என்று நம்பவே முடியாது.

ஆனாலும் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. ஹே சூ, ஜி-ஆன், ஏ-சுன், "ப்ரோக்கர்"இல் குழந்தையை விட்டுவிட்டுப் போகும் தாய், எல்லோரும் அடிவாங்கி எழுகிறவர்கள். லேசான காதல் நகைச்சுவையில் அவர் இன்னும் என்னை முழுதாக நம்பவைக்கவில்லை. 2013-ல் வந்த "ப்ரிட்டி மேன்" அப்படி ஒரு முயற்சி. மூன்றாவது அத்தியாயத்தோடு நான் நிறுத்திவிட்டேன்.